மாடி வீடு கேட்டவள்

"எனக்குக் கீழ் வீடு வேணாம் சார். மேல குடுங்க" என்று கஸ்தூரி சொன்னபோது சுரேஷ்குமார் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, பார்க்கக் கூடாது என்று நினைத்தபடியே, அவள் காலையும் பார்த்தார். இடது காலில் தொடைவரைக்கும் இரும்புக் கம்பி வைத்த காலிப்பர் போட்டிருந்தாள். வலது கால் அதைவிடக் கொஞ்சம் தேவலை. நாற்காலியின் முதுகில் இரண்டு ஊன்றுகோல்களைச் சாய்த்து வைத்திருந்தாள்.

திண்டிவனம் ரோட்டில், டவுன் முடிந்து கடலைக் கொல்லைகள் ஆரம்பிக்கிற இடத்தில் ஓர் அறக்கட்டளை கட்டியிருந்த மூன்று மாடிக் குடியிருப்பு அது. வயதானவர்களும் மாற்றுத்திறனாளிகளும் மட்டும் குடியிருக்கலாம். வாடகை அவரவர் வருமானத்துக்குத் தகுந்த மாதிரி. சுரேஷ்குமார் அதன் மேலாளர். அன்றைக்குத்தான் வீடுகளுக்கான குலுக்கல். பிளாஸ்டிக் குடத்துக்குள் கைவிட்டு எடுத்த சீட்டில் கீழ்த்தளம் வந்தவர்கள் கோயில் மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். மாடி வந்தவர்கள், கரண்ட் போனால் லிப்ட் ஓடுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கஸ்தூரிக்கு வந்தது கீழ்த்தளம். அதிலும் கேட்டுக்குப் பக்கத்து வீடு. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டியை வாசல்வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தலாம். கூட வந்திருந்த அவளுடைய அண்ணன் முருகவேல் அப்போதுதான் நிம்மதியாக மூச்சு விட்டிருந்தான்.

"இன்னா பேசற நீ?" என்றான். "கீழ் வீடு கிடைக்கலன்னு ஜனங்க அழுவுது. உனுக்குத் தானா வந்துகீது. வேணாங்கற?"

"அழுவறவங்களுக்கே குடுத்துட்டா ஆச்சு" என்றாள் கஸ்தூரி.

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடைசி வரிசையில் ஓர் அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். பெயர் ரேணுகாம்பாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவள். அடுப்படியில் நின்று நின்று இரண்டு முட்டியும் போயிருந்தது. அவளுக்கு வந்த சீட்டு மூன்றாவது மாடி, மேற்குப் பார்த்த வீடு. படி ஏற முடியாது. லிப்டில் ஏறப் பயம். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி லிப்டுக்குள் ஒருமுறை மாட்டிக்கொண்டதிலிருந்து அந்தக் கதவைப் பார்த்தாலே நெஞ்சு அடைக்கும் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிச் சொல்லி அழுதாள்.

"அந்த அம்மாவோட வீடு எனக்கு, என்னோடது அவங்களுக்கு. மாத்திக்கலாம்னு ரூல்ல இருக்குதில்ல சார்?"

ரூலில் இருந்தது. கீழ்த்தளத்தில் இருப்பவர் மேலே கேட்பார் என்று நினைத்து யாரும் எழுதிய ரூல் இல்லை அது. ஆனாலும் இருந்தது.

தங்கள் ஊரான கீழ்பென்னாத்தூருக்குத் திரும்புகிற வழியெல்லாம் முருகவேல் தன் வேனின் கியரை வழக்கத்தைவிடப் பலமாகப் போட்டான். கஸ்தூரிக்கு அவன் கோபம் புரிந்தது. எட்டாம் வகுப்புவரைக்கும் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன் அவன். மழைக்காலத்தில் அவள் குடை பிடிக்க, அவன் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் நடப்பான். வகுப்பு மாடிக்குப் போகிற வருஷம் வந்தபோது தலைமை ஆசிரியர் வகுப்பையே கீழே கொண்டுவந்துவிட்டார். எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். கஸ்தூரியும் நன்றி சொன்னாள். ஆனால், அந்த மாடியிலிருந்து பக்கத்து ஏரி முழுக்கத் தெரியும் என்று மற்றப் பிள்ளைகள் பேசிக்கொண்டது அவளுக்குள் எங்கேயோ தங்கிவிட்டது. அதற்குப் பிறகும் அப்படித்தான். கல்யாண மண்டபத்தில் பந்தி மாடியில் என்றால் இலைச் சாப்பாடு தட்டில் கீழே வரும். ஆபீஸில் மனு கொடுக்கப் போனால் அதிகாரியே இறங்கி வருவார். அவளுக்காக எல்லாம் கீழே இறங்கி வந்தன. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. அதனாலேயே இது வேண்டாம் என்று அவளால் யாரிடமும் சொல்ல முடிந்ததில்லை.

தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய லாட்ஜில் கஸ்தூரி ரிசப்ஷனில் இருந்தாள். லிப்ட் இல்லாத கட்டடம். ஃபோனில் கேட்கிறவர்களிடம், "மூணாவது மாடி எடுத்துக்கங்க சார். ஜன்னலத் தொறந்தா மலை. கோபுரமும் தெரியும்" என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அறைகளை அவள் பார்த்ததே இல்லை. எந்த அறையில் எந்தக் குழாய் ஒழுகும் என்றுகூடத் தெரியும், எல்லாம் மற்றவர்கள் வந்து சொன்னது. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்கள் சாவியை வாங்கிக்கொண்டு படியேறிப் போவார்கள். அவர்களுடைய செருப்புச் சத்தம் ஒவ்வொரு மாடியாக மேலே போய்த் தேய்வதை அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்பாள்.

டவுனில் வீடு தேடி அவள் அலைந்ததும் கொஞ்சமில்லை. கிரிவலப் பாதைப் பக்கம் வாடகை எல்லாம் வெளிநாட்டுக்காரர்களுக்கு வைத்த வாடகை. உள்ளே தள்ளிப் போனால், "தனியாவா இருப்பீங்க? கால் வேற இப்படி இருக்குது, எதுனா ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" என்று கதவுக்கு வெளியிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினார்கள். தினமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து போய்க்கொண்டிருந்தவளுக்கு இந்தக் குடியிருப்பு தெய்வம் கொடுத்த மாதிரி. கொடுத்ததைக் கொஞ்சம் தனக்குப் பிடித்த மாதிரி கேட்டு வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

குடிவந்த அன்று சாமான்களையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு முருகவேல் ஜன்னலோரம் நின்று கீழே எட்டிப் பார்த்தான். "ரொம்ப உசரம்" என்று மட்டும் சொன்னான். அவன் போன பிறகு கஸ்தூரி நாற்காலியை ஜன்னலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மலை இருந்தது. அதை அவள் எதிர்பார்த்துத்தான் வந்தாள். எதிர்பார்க்காதது மற்றதெல்லாம். வேப்பமரத்தின் தலை எப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது; இளந்தளிர் எல்லாம் மேலேதான் இருந்தன. எதிர்வீட்டு மொட்டை மாடியில் கடலை காயப் போட்டிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் ஒரு பூனை படுத்திருந்தது. ரோட்டில் போகிறவர்களின் உச்சந்தலைகள் தெரிந்தன: சொட்டை, சுழி, வகிட்டுக் குங்குமம், பாதி வாடின கனகாம்பரம். வாழ்நாள் முழுக்க எல்லோரையும் நிமிர்ந்தே பார்த்துப் பழகிய கழுத்து, முதல்முறையாகக் குனிந்து பார்த்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாராவது நிமிர்ந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியும் அவள் சிரிப்பை அடக்கவில்லை.

லாட்ஜில் அவள் பேச்சு மாறியது. "காலையில மலை கிட்ட வந்த மாதிரி இருக்கும்ங்க. மத்தியானம் வெயில்ல தள்ளிப் போயிடும். மழை வர்றதுக்கு முன்னாடி பாருங்க, பாறை ஒண்ணொண்ணும் தனித்தனியாத் தெரியும்" என்று சொல்லி அறை கொடுத்தாள். முதலாளி கல்லாவிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

சித்திரையில் ஒரு நாள் சாயங்காலம் இடியோடு பெய்த மழையில் லிப்டின் போர்டு எரிந்துபோனது. புகைந்த வாசனை மாடிவரைக்கும் வந்தது. மறுநாள் வந்த மெக்கானிக், சாமான் சென்னையிலிருந்து வர வேண்டும், ஒரு வாரமும் ஆகலாம், ஒரு மாசமும் ஆகலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மேலே இருந்த வயதானவர்கள் முதலில் சத்தம் போட்டார்கள். பிறகு அடங்கிவிட்டார்கள். காய்கறி வாங்க ஆள் ஏற்பாடு செய்தார் சுரேஷ்குமார். மருந்தும் பாலும் கதவுக்கு வந்தன. கஸ்தூரிக்குப் பக்கத்து வீட்டு அப்பாசாமி, தாலுகா ஆபீஸில் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர், பக்கவாதம் வந்து இடது கையும் காலும் பாதி சரியானவர், மாடி நடைபாதையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு கீழே இருக்கும் டீக்கடையைப் பார்த்தபடியே பொழுதைக் கழித்தார். கேட்டால், "கீழ இறங்கி இன்னாத்த பண்ணப் போறேன்?" என்பார்.

கஸ்தூரி இரண்டு நாள் லீவு போட்டாள். மூன்றாம் நாள் சுரேஷ்குமாரே மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"டிரஸ்ட்ல பேசினேன்மா. உங்கள மறுபடியும் கீழ் வீட்டுக்கே மாத்திடலாம்னு சொல்றாங்க. நாலு ஆள் வெச்சு இன்னிக்கே தூக்கி இறக்கிடலாம். இனிமே இந்த மாதிரி மாத்திக் குடுக்கிறதும் கிடையாது. நடக்க முடியாதவங்களுக்குக் கீழ மட்டும்தான்."

"ரேணுகாம்மா?"

"அவங்க மேல வந்துடுவாங்க. அவங்க எப்படியும் வெளியில போறதில்லையே."

அவர் இதை எந்தக் கடுமையும் இல்லாமல்தான் சொன்னார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு சிக்கலுக்கு வழி கண்டுபிடித்த மனிதனின் களைப்போடு நின்றார். கஸ்தூரி அந்த வாக்கியத்தை மனசுக்குள் திருப்பிப் பார்த்தாள். ரேணுகாம்பாள் கீழே வந்த பிறகுதான் வெளியே போக ஆரம்பித்திருந்தாள். சாயங்காலத்தில் கேட்டுக்கு வெளியே பூக்காரியோடு உட்கார்ந்திருப்பாள். செவ்வாய்க்கிழமை ஷேர் ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போவாள். இதெல்லாம் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அப்போது படிக்கட்டின் அடியிலிருந்து ரேணுகாம்பாளின் குரலே வந்தது. "கஸ்தூரி! நீ வந்துடு கண்ணு. நான் மேல போயிக்கிறேன். எனுக்கு இன்னா, ஒரு மூலையில கெடந்துட்டுப் போறேன்."

கஸ்தூரி சுரேஷ்குமாரிடம் சொன்னாள்: "சார், கெட்டுப்போனது லிப்ட். நான் இல்ல. அந்த அம்மாவும் இல்ல. கெட்டுப்போனத சரி பண்ணுங்க."

"அதுவரைக்கும் நீங்க வேலைக்கு எப்படிப் போவீங்க? பௌர்ணமி வருது."

"போவேன்."

எப்படி என்று அவளுக்கும் அப்போது தெரியாது. இரவெல்லாம் யோசித்ததாகவும் சொல்ல முடியாது, நன்றாகத் தூங்கினாள். காலையில் எழுந்து, அண்ணன் மகள் அபிநயா மறந்து விட்டுப்போயிருந்த பழைய ஜீன்ஸைத் தேடி எடுத்தாள். ஒரு நாளும் அவள் ஜீன்ஸ் போட்டதில்லை. இடுப்பில் கொஞ்சம் பிடித்தது. படிக்கட்டுவரைக்கும் வந்து, காலிப்பரைக் கழற்றி, ஊன்றுகோல்களோடு சேர்த்து, மாற்றுத் துணியையும் வைத்து ஒரு பெரிய கட்டைப்பையில் போட்டாள். அப்பாசாமி தன் நல்ல கையால் பையைக் கயிற்றில் கட்டி நடைபாதைக் கம்பி வழியாக மெதுவாகக் கீழே இறக்கினார். கயிறு வழுக்காமல் இருக்க அதைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டார். கீழே ரேணுகாம்பாள் அதை இரண்டு கையாலும் குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டாள்.

கஸ்தூரி முதல் படியில் உட்கார்ந்தாள். கைகளைப் பின்னால் ஊன்றி உடம்பைத் தூக்கி அடுத்த படியில் வைத்தாள். கால்கள் தாங்களாகவே முன்னால் சறுக்கி இறங்கின. அவளுடைய கைகளுக்குப் பலம் அதிகம். இத்தனை வருஷம் உடம்பு முழுவதையும் சுமந்த கைகள். முதல் வளைவுவரைக்கும் சுலபமாகவே இருந்தது. அதற்குப் பிறகு உள்ளங்கை எரிந்தது. சரியாகப் பூசாத சிமெண்டின் பொருக்குகள் குத்தின. ஒரு படியில் யாரோ துப்பியிருந்தார்கள். அதை ஒட்டாமல் சுவர் பக்கம் நகர்ந்து இறங்கினாள். இரண்டாவது மாடியில் கதவுகள் திறந்தன. "ஐயோ, பாவமே" என்றது ஒரு குரல்.

"பாவம்லாம் ஒண்ணுமில்லம்மா. அந்தச் செருப்பக் கொஞ்சம் ஓரமா எடுத்து வையுங்க, வழியில கெடக்குது" என்றாள் கஸ்தூரி.

அந்தப் பெண் அவசரமாகக் குனிந்து செருப்பை எடுத்தாள். அதற்குப் பிறகு பாவம் என்று யாரும் சொல்லவில்லை. ஒருவர் தன் கதவுக்கு முன்னாலிருந்த பூந்தொட்டியை உள்ளே நகர்த்தினார். கீழே வந்து சேர்ந்ததும் ரேணுகாம்பாள் வீட்டில் கை கால் கழுவி, துணி மாற்றி, காலிப்பரைப் பூட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது கஸ்தூரிக்குத் தோள்கள் நடுங்கின. அதை ரேணுகாம்பாளுக்குத் தெரியாமல் மறைக்க அவள் முயலவில்லை. ரேணுகாம்பாள் வெந்நீரில் ஒரு துணியை நனைத்துத் தோளில் வைத்துப் பிடித்தாள்.

அன்று லாட்ஜில் கூட்டம். சாவிகள் கைமாறியபடியே இருந்தன. உள்ளங்கையில் தோல் உரிந்த இடத்தில் சாவி பட்டால் சுரீரென்றது. சாயங்காலம் ஸ்கூட்டியைக் கேட்டுக்குள் திருப்பியபோது கீழ்பென்னாத்தூர் வேன் அங்கே நின்றிருந்தது. படிக்கட்டின் அடியில் முருகவேல். சுரேஷ்குமார் ஃபோன் செய்திருக்க வேண்டும். அவரும் சற்றுத் தள்ளி, கையில் எதுவும் இல்லாமல், என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"வா, வூட்டுக்குப் போலாம்" என்றான் முருகவேல். கண் சிவந்திருந்தது. "படியில தேய்ச்சுகினு வந்தியாமே? ஊரு பார்க்க? நான் செத்தா பூட்டேன்?"

"வீடு மேல இருக்குதுண்ணா."

"கஸ்தூரி..."

"ரேணுகாம்மா வீட்ல துணி மாத்திட்டு வந்துடறேன். நில்லு."

ஜீன்ஸ் போட்டுக்கொண்டு அவள் வந்து முதல் படியில் உட்கார்ந்தபோது முருகவேல் அவளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தான். பள்ளிக்கூட வாசலில் எப்படிக் குனிவானோ அப்படியே, இரண்டு கையையும் பின்னால் நீட்டிக்கொண்டு. சட்டை முதுகில் வேர்வை படிந்திருந்தது. பின்கழுத்தில் நரை. அந்த முதுகில் ஏறிக்கொண்டால் மூன்று மாடியும் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். அவனுக்கும் மனசு ஆறும். நாளைக்கு மறுபடியும் வேனை எடுத்துக்கொண்டு வருவான். அதற்கடுத்த நாளும் வருவான். அவன் வராத ஒரு நாளில் அவள் கீழே நின்றுகொண்டிருப்பாள்.

"முதுகு வேணாம்ணா" என்றாள். காலிப்பரைக் கழற்றி அவனுடைய நீட்டிய கையில் வைத்தாள். "இத எடுத்துகினு வா. கட்டையும் ரெண்டு இருக்குது. அதான் கனம்."

அவன் மெதுவாக நிமிர்ந்தான். கையிலிருந்த காலிப்பரை, அதன் தோல் பட்டைகளை, தேய்ந்த ஷூவைப் பார்த்தான். அவளை எத்தனையோ முறை தூக்கியிருக்கிறான். காலிப்பரைத் தனியாக அவன் தூக்கியது அதுதான் முதல் தடவை போல இருந்தது.

ஏறுவதுதான் கஷ்டம். படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கைகளை மேல் படியில் ஊன்றி, உடம்பை இழுத்து மேலே வைக்க வேண்டும். காலையில் வந்த எரிச்சல் முதல் படியிலேயே வந்துவிட்டது. மூன்றாவது நான்காவது படியில் அவள் கையை வைக்கப் போனபோது அங்கே ஒரு துண்டு அசைந்தது. முருகவேல் காலிப்பரையும் ஊன்றுகோல்களையும் ஒரு தோளில் போட்டுக்கொண்டு, மற்றத் தோளிலிருந்த துண்டை எடுத்து, அவளுக்கு மேல்படியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மண்ணையும் பொருக்கையும் தட்டிவிட்டு அடுத்த படிக்குப் போனான். அவள் கையை வைத்தாள். அவன் துடைத்தான். கீழே நின்ற சுரேஷ்குமார் ஃபோனை எடுத்து யாரிடமோ, "இல்ல சார், ஒரு மாசம்லாம் முடியாது. நீங்க வந்து இங்க நின்னு பாருங்க, அப்புறம் பேசலாம்" என்று சொல்வது கேட்டது. அவருடைய குரல் அவ்வளவு உயர்ந்து அவர்கள் கேட்டதில்லை.

முதல் மாடியைத் தாண்டின வளைவில் கஸ்தூரி நிறுத்தினாள். மூச்சு வாங்கியது. "நீ போயி சாமானை மேல வெச்சுட்டுக் கதவத் தொற. நான் கொஞ்சம் குந்தி வரேன்" என்று சாவியைக் கொடுத்தாள். அவன் தயங்கிவிட்டு ஏறிப்போனான்.

கீழேயிருந்து யாரோ ஏறி வருகிற சத்தம் கேட்டது. ஒரு காலடி, நிறுத்தம், பெருமூச்சு. மறுபடி ஒரு காலடி. ரேணுகாம்பாள்தான். ஒரு கையில் கைப்பிடிக் கம்பி, இன்னொரு கையில் மூடி வைத்த டம்ளர். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"உங்கள யாரு பெரிம்மா ஏறச் சொன்னது?"

"உன்ன மட்டும் யாரு சொன்னாங்களாம்?" ரேணுகாம்பாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். மூச்சு சமனாகக் கொஞ்ச நேரம் பிடித்தது. "எறங்கறது எப்படின்னு நீதான் சொல்லித் தரணும்."

டீயில் இஞ்சி தூக்கலாக இருந்தது. சர்க்கரை கம்மி. ஒரே டம்ளரில் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். கம்பி ஜன்னல் வழியாகச் சாயங்காலக் காற்று வந்தது. டீக்கடையில் பஜ்ஜி போடுகிற வாசனை அதோடு வந்தது.

மேலே ஒரு கதவு சாத்திக்கொள்ளும் சத்தம். பிறகு படியில் ஏதோ இழுபடுகிற சத்தம். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்பாசாமி வந்துகொண்டிருந்தார். துவைத்த சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். வலது கையால் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒருக்களித்தவாறு, நல்ல காலை முதலில் வைக்கலாமா மற்றதை வைக்கலாமா என்று ஒவ்வொரு படியிலும் நின்று முடிவு செய்துகொண்டு வந்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் கஸ்தூரி.

"டீக்கடைக்கு" என்றார் அவர், நிமிராமலே. "கொஞ்சம் நகருங்க. கம்பி எனக்கு வேணும்."

இரண்டு பெண்களும் டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒண்டினார்கள். ரேணுகாம்பாள் தன் முட்டியையும், கஸ்தூரி கையால் எடுத்துத் தன் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அப்பாசாமி அவர்கள் உட்கார்ந்திருந்த படிக்கு மேல்படியில் வந்து நின்றார். கம்பியைப் பிடித்த கை கொஞ்சம் கீழே நகர்ந்து மறுபடி இறுகியது. அவருடைய இடது கால் காற்றில் மெதுவாக முன்னும் பின்னும் அசைந்து, அடுத்த படியைத் தேடிக்கொண்டிருந்தது.